எட்டே முக்காலுக்குத் தலைக்கு மேலே

— இன்னொரு தடவை போடுங்க, சமேஷிமா-சான்.

— மூணு தடவை போட்டாச்சும்மா. நாடா தேஞ்சிரும்.

— இந்தக் காலத்துல யார் நாடாவுல பதியறாங்க?

— முப்பத்தியோரு வருஷம் சூரைமீன் கப்பல்ல ரேடியோ அறையில உக்காந்தவன் நான். கையால பிடிச்சுப் பாக்க முடியாத எதையும் நம்ப மாட்டேன். சரி, போடறேன். சத்தத்தைக் கூட்டட்டுமா?

— வேணாம். இப்படியே இருக்கட்டும்... செயற்கைக்கோளோட பேர் வருது. இசாரிபி. அப்புறம் பேட்டரி, நாலு புள்ளி ஒண்ணு. அப்புறம் சூடு. இருபத்திரண்டு.

— நல்ல காதும்மா உங்களுக்கு. மோர்ஸ் எங்க படிச்சீங்க?

— படிக்கல. எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில விரலால தட்டிக்கிட்டே இருப்பார். பதினாலு மாசம் எதிர்ல உக்காந்து பாத்தா யாருக்கும் வந்துரும்.

— ஹிடாகா-சான் இப்ப எப்படி இருக்காரு?

— உங்க முதல் அட்டை வந்த அன்னிக்குச் சவரம் பண்ணிக்கிட்டார். ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டார். அதுக்கு முன்னாடி ஒரு மாசம் அவர் மெல்லற சத்தத்தையே நான் கேட்டதில்ல.

— ஒரு அட்டைக்கா.

— "இசாரிபியின் குரல் கேட்டது. காலை எட்டு நாற்பத்தேழு. மெல்லியது, தெளிவானது." அவ்வளவுதான் எழுதியிருந்தீங்க. கல்லூரியில அதை அறிவிப்புப் பலகையில குத்தி வெச்சாங்க. அதுவரைக்கும் அங்க யாரும் அந்தப் பேரையே எடுக்கறதில்ல. சாவு விழுந்த வீட்டுல ஒரு பேரைத் தவிர்ப்பாங்களே, அப்படி.

— டீ ஆறுது. நீங்க கொண்டாந்த கருக்கான் பலகாரத்தைப் பிரிக்கட்டுமா? இனிப்பு தொட்டுக்கிட்டா டீ இறங்கும்.

— அது உங்களுக்கு. நான் சாப்பிட்டுட்டுதான் வந்தேன்.

— ரெண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருக்கீங்க. கார் மேல எரிமலைச் சாம்பல் விரக்கடை கனத்துக்கு இருக்கு. எட்டு மணிக்கு என் வாசல்ல நிக்கிறீங்க. எப்பச் சாப்பிட்டீங்களாம்? சரி, கேக்கல. என்ன சொல்றேன்னா, கப்பல்லயும் இப்படி ஆளுங்க உண்டு. தட்டைக் கழுவிக் கவுத்திருவாங்க. சாப்பிட்டிருக்க மாட்டாங்க.

— செவ்வாய்க்கிழமை அவர் இங்க வர்றார்.

— ம். எழுதியிருந்தாரு.

— உங்களுக்கு எழுதினாரா? எனக்குத் தெரியாதே. கல்லூரியில கடைசியா ஒரு வாய்ப்பு கொடுத்திருக்காங்க. செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்கு அது தலைக்கு மேல வரும்போது, பாயை விரின்னு கட்டளை அனுப்புவாங்க. அதோட சரி. ஆன்டெனாவை அடுத்த திட்டத்துக்குக் கொடுத்துருவாங்க. அவர் அங்க நிக்க மாட்டேன்னுட்டார். பதில் வந்தா உங்க அறையில உக்காந்துதான் கேக்கணுமாம்.

— அந்தப் பாய் விஷயம் எனக்கு அரைகுறையாத்தான் தெரியும். கப்பல் பாய் மாதிரியா?

— வெங்காயச் சருகை விட மெலிசு. டோஃபுக் கட்டி அளவு பெட்டிக்குள்ள மடிச்சு வெச்சிருக்கோம். விரிஞ்சா, அந்த உயரத்துல இருக்கிற கொஞ்சூண்டு காத்து அதுல உரசும். உரச உரச வேகம் கொறையும். ஒரு வருஷத்துல கீழ வந்து எரிஞ்சுரும். இனிமே அனுப்பற சின்னச் செயற்கைக்கோள் எல்லாம் வேலை முடிஞ்சதும் தானாக் கீழ வர முடியுமா, குப்பையா மிதக்காம இருக்க முடியுமான்னு மேல வெச்சே சோதிச்சுப் பாக்கத்தான் இசாரிபி.

— விரியலேன்னா?

— இருபத்தஞ்சு வருஷம் சுத்தும். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை. நல்லபடியா சாகறது எப்படின்னு காட்டப் போனது, சாகவும் முடியாம.

— அப்படிப் பேசாதீங்கம்மா.

— அவர் பேசறதுதான். எனக்குன்னு சொந்தமா ஒரு வார்த்தை இல்ல இப்ப.

— இருபது பேர் சேந்து செஞ்ச வேலை. அவரு ஒருத்தரு மட்டும் ஏன் இப்படி ஆகணும்?

— இசாரிபியோட ஆன்டெனாவைச் சுருட்டி மீன்பிடி நூலால கட்டியிருப்போம். மேல போனதும் ஒரு கம்பி சூடாகி அந்த நூலை அறுக்கும். ஆன்டெனா நிமிரும். அப்பத்தான் அது பேச முடியும். அந்தக் கட்டைக் கட்டினவர் அவர். இசாரிபி பேசலேன்னதும், தன் முடிச்சுதான் அறுபடலேன்னு முடிவு பண்ணிட்டார். யாரும் அவரைச் சொல்லல. அவரே சொல்லிக்கிட்டார்.

— கீழ இருக்கும்போதே சோதிச்சிருப்பாங்களே.

— இன்னும் சோதிக்கிறார். வீட்டு மேசையில. கட்டுவார், சூடு வைப்பார், அறுந்துரும். தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை அறுந்திருக்கு. ஒரு தடவைகூட மாட்டினதில்ல. "அப்ப மேல போன அந்த ஒண்ணு மட்டும்தான்"னு சொல்லிட்டு மறுபடி நூலை எடுப்பார். உங்க அட்டை வந்தப்புறமும் விடல. என்னைக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வெச்சுக் கட்டறார்.

— உங்களை உக்கார வெச்சா?

— ஆமா. நான் டீ வெச்சுட்டு நகந்துருவேன். பாக்க முடியாது. ஏன் என்னை அப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணுமில்ல. மணி எட்டு நாப்பத்திரண்டு. இப்ப ஏறிக்கிட்டு வரும். ரேடியோவைத் திறந்து விடறேன். கேக்கறீங்களா?

— கேக்கறேன்.

— தெக்கேருந்து வரும். தீவுக்கூட்டத்தைத் தாண்டி. பேசாம இருங்க.

— ...

— ...

— இப்ப எங்க?

— தலைக்கு மேல.

— வெறும் இரைச்சல்.

— ம்.

— தகரத்து மேல மழை விழற மாதிரி இருக்கு.

— நடுக்கடல்லயும் இதே சத்தம்தான். கேட்டுக்கிட்டே இருந்தா யாரோ நம்ம பேரைச் சொல்லிக் கூப்பிடற மாதிரி இருக்கும். புதுசா வேலைக்கு வந்தவங்க ஏமாந்து எந்திரிச்சு ஓடுவாங்க.

— நீங்க ஏமாந்ததில்லையா?

— கேக்காததைக் கேட்டதா நான் குறிப்பேட்டுல எழுதினதில்ல. முப்பத்தியோரு வருஷத்துல ஒரு வரிகூட இல்ல. கப்பல்ல அது பெரிய பாவம்.

— ...

— இறங்கிருச்சு. எட்டு அம்பத்தி நாலு. சில நாள் இப்படித்தான்மா, கேக்காது. ஈரக்காத்து. நான் மனசைத் தேத்தச் சொல்லல...

— சமேஷிமா-சான். செவ்வாய்க்கிழமை அந்த நாடாவை மறுபடி போடணும். அவர் இதே அறையில உக்காந்திருப்பார். வானத்துலேருந்து வர்ற மாதிரியே இருக்கணும். முடியுமா?

— என்ன சொல்றீங்க?

— மூணாவது தடவை பேர் வரும்போது பின்னாடி ஒரு பாட்டு வருது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில போடுவாங்களே, புள்ளைங்களா வீட்டுக்குப் போங்கன்னு, அந்தப் பாட்டு. எங்க சோதனை அறை ஜன்னலுக்கு நேர் எதிர்லதான் ஒலிபெருக்கிக் கம்பம். ஐநூத்தி அறுபது கிலோமீட்டர் உயரத்துல அதை யாரும் போடறதில்ல. அதுவும் காலையில எட்டே முக்காலுக்கு. சூடும் இருபத்திரண்டு. எங்க அறையில ஏசி வருஷம் பூரா இருபத்திரண்டுதான். அது மேல போகறதுக்கு முன்னாடி மேசையில வெச்சுப் பேச வெச்சோமே, அப்பப் பதிஞ்சது இது.

— எப்போலேருந்து தெரியும்?

— முதல் நாள்லேருந்து. அட்டையோட நாடாவுல ஒரு பிரதியும் அனுப்பினீங்க இல்ல? அதை அவர் கல்லூரிக்குக்கூடக் காட்டல. அங்க அட்டை மட்டும்தான் போச்சு. நாடாவை மேசையில வெச்சு எனக்குப் போட்டுக் காட்டினார். பாட்டு வந்தது. அவர் என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தார். "நல்லாக் கேக்குது"ன்னேன்.

— அவரு என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் சவரம் பண்ணப் போயிட்டார்.

— திட்டுங்கம்மா. வாரம் ஒரு அட்டை பொய் எழுதியிருக்கேன். திட்ட உங்களுக்கு உரிமை இருக்கு.

— அதில்ல. திட்ட வரல. ஏன் செஞ்சீங்கன்னு கேக்கவும் வரல.

— கேட்டாலும் சொல்ல முடியாது. ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.

— கல்லூரியில யாராவது இரக்கப்பட்டுச் சொல்லியிருப்பாங்க. இருக்கட்டும்.

— பொய்னு தெரிஞ்சும் மூணு மாசமா நீங்க வாயைத் திறக்கல. அதான் எனக்குப் புரியல.

— அந்தப் பாட்டே இல்லேன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். இசாரிபியால பேசவே முடியாது. இந்தாங்க, கையை நீட்டுங்க.

— என்ன இது? பச்சையா, பொத்தான் மாதிரி.

— பிளக். இது பெட்டியில செருகியிருந்தாத்தான் பேட்டரிக்கும் மத்ததுக்கும் இணைப்பு. இல்லேன்னா உள்ள ஒரு துளி மின்சாரம் ஓடாது. பாருங்க. நல்லாப் பிடிச்சுப் பாருங்க. உங்களுக்கு அதுதானே நம்பிக்கை.

— அப்ப மேல போனது...

— கண்ணையே திறக்கல. கம்பி சூடாகல. நூலுக்கிட்ட யாரும் வரல. அவர் முடிச்சுக்கு அங்க வேலையே வரல.

— எப்படிம்மா? எதைச் செஞ்சாலும் விரலை நீட்டி, சத்தமாச் சொல்லித்தானே செய்வாங்க? கப்பல்ல ஒரு விளக்கு மாத்தினாலே நாங்க அப்படித்தான் செய்வோம்.

— செஞ்சோம். நான் பட்டியலைப் படிப்பேன். அவர் விரலை நீட்டிச் "சரி"ம்பார். நான் டிக் போடுவேன். மூணு ஒத்திகை நடந்தது. பச்சை பிளக் மேல போகப் போறது, செருகிச் செருகித் தேஞ்சுரக் கூடாதுன்னு ஒத்திகையில அதைத் தொடல. தரையில இருக்கும்போது மாட்டற சிவப்பு ஒண்ணு உண்டு. அது பேட்டரியைத் தடுத்து வெக்கிறது. அதைக் காட்டியே "பச்சை, சரி"ன்னு சொல்லிப் பழகினோம். விரல் பழகிருச்சு. நாக்கும் பழகிருச்சு.

— ராக்கெட்டுல ஏத்த ஒப்படைக்கிற அன்னிக்கும் சிவப்பைக் காட்டி...

— பச்சைன்னு சொன்னார். நான் டிக் போட்டேன். மூடியை வெச்சு ஒட்டினோம். எல்லாரும் நின்னு படம் எடுத்துக்கிட்டோம். அப்புறம் எத்தனையோ கூட்டம் போட்டுக் காரணம் தேடினாங்க. அந்த வரிக்கிட்ட யாரும் வரல. ரெண்டு பேர் சேந்து சத்தமாச் சொன்னதை எங்க ஆளுங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க.

— அந்த நேரத்துல பச்சை எங்க இருந்துச்சு?

— என் கோட்டுப் பையில. அறைக்கு வெளிய அலமாரியில. அன்னிக்குக் காலையில கோயிலுக்குப் போய் ஆசி வாங்கினோம். பெட்டியைத் தூக்கிட்டுப் போக முடியாதேன்னு பிளக்கை மட்டும் கொண்டு போனேன். அங்க வாங்கின தாயத்துப் பைக்குள்ளயே அதைப் போட்டு முடிஞ்சேன். அவர் எடுத்துக்குவார்னு நான் இருந்தேன். நான் எடுத்து வெச்சிருப்பேன்னு அவர் இருந்திருக்கார். வெள்ளை உடுப்பு மாட்டிக்கிட்டு உள்ள போகும்போது சொந்தப் பொருள் எதுவும் கூடாது. திரும்பி வந்து தாயத்தைச் சமையலறையில, காலண்டர் பக்கத்து ஆணியில மாட்டினேன். தாயத்தைப் பிரிச்சா பலிக்காது. யார் பிரிப்பா?

— அங்கயே தொங்குச்சா.

— ஒரு வருஷம். அதுக்குக் கீழ நின்னுதான் தினமும் அரிசி களைஞ்சேன். ஜனவரியில பழைய தாயத்தை எரிக்கக் கோயில்ல கொடுப்போமில்ல? உலோகம், பிளாஸ்டிக் இருந்தா எடுத்துருங்கன்னு அங்க பலகை வெச்சிருந்தாங்க. சும்மாத்தான் தடவிப் பாத்தேன். முடிச்சை அவிழ்க்க வரல. நகம் ஒடிஞ்சுது. அங்க இருந்த பொண்ணுக்கிட்டக் கத்தரிக்கோல் வாங்கி வெட்டினேன்.

— நீங்க முடிஞ்ச முடிச்சு உங்களுக்கே வரலையா?

— இறுகிப்போயிருந்தது. ஒரு வருஷத்து அடுப்புப் புகை.

— ம். அப்புறம்?

— பையை நெருப்புல போட்டேன். இதைத் தையல் பெட்டிக்குள்ள வெச்சேன். வீட்டுக்குள்ள நுழையும்போது அவர் மேசையில நூலோட உக்காந்திருந்தார். "தாயத்தைக் கொடுத்துட்டியா?"ன்னார். கொடுத்துட்டேன்னேன். "உள்ள ஒண்ணும் இல்லையே?"ன்னார். இல்லேன்னேன்.

— ஏன்மா? அப்பவே சொல்லியிருந்தா அந்த முடிச்சோட பாரம் இறங்கியிருக்குமே.

— இறங்கியிருக்கும். அதான் பயம். அதுக்கு முன்னாடி பத்து மாசம் அவர் பட்டதெல்லாம் யாரால? நேத்திக்குச் சொல்லாததை இன்னிக்கு எப்படிச் சொல்றதுன்னே ஒவ்வொரு நாளும் போச்சு. அப்புறம் உங்க அட்டை வந்தது. சாப்பிட்டார். பொய்யா இருந்தா என்ன, சாப்பிடறாரேன்னு... அதில்ல. அதுவும் சால்ஜாப்பு. எனக்கு வசதியா இருந்தது. அவ்வளவுதான்.

— செவ்வாய்க்கிழமை நான் நாடாவைப் போட்டுட்டா?

— பாய் விரிஞ்சுருச்சுன்னு நெனச்சுக்குவார். அப்புறம் அது பேசாட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. அடுத்த வருஷம் ஒரு நாள், எரிஞ்சு விழுந்திருக்கும்னு சொல்லிக்கலாம். தன் முடிச்சு நல்ல முடிச்சுதான்னு நம்பிக்கிட்டு மிச்ச நாளை ஓட்டுவார்.

— நீங்க?

— நான் இதை வெச்சுக்கிட்டு இருப்பேன். அது மேல சுத்தற வரைக்கும்.

— முடியாது, மினோரி-சான்.

— கெஞ்சிக் கேக்கறேன்.

— எந்திரிங்க. தரையில நெத்தியை வெக்காதீங்க. வயசானவன், என்னால உங்களைத் தூக்க முடியாது. எந்திரிச்சு உக்காருங்க. ஒண்ணு சொல்றேன். ஒரு தடவை கப்பல்ல எங்க வலைக்காரன் ஒருத்தனுக்குத் தந்தி வந்துச்சு. அவன் அப்பா செத்துட்டாரு. மீன் மும்முரம். வேலை கெட்டுரும், அப்புறம் சொல்லுன்னாரு தலைவரு. ஒம்பது நாள் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு அவனுக்கு எதிர்லயே உக்காந்து சாப்பிட்டேன். பத்தாம் நாள் கொடுத்தேன். அவன் அப்பாவுக்காக அழல. "ஒம்பது நாள் என் முகத்தைப் பாத்துக்கிட்டிருந்தியே"ன்னான். துறைமுகம் சேந்து இறங்கிப் போனவன், அப்புறம் எங்கிட்டப் பேசவே இல்ல.

— அதனாலதான் சொல்றேன். எனக்கு ஒம்பது நாள் எப்பவோ தாண்டிருச்சு.

— அந்தத் தாயத்து முடிச்சு எப்படி இருந்துச்சு?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்க. நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க.

— ரெண்டு சுத்து. நுனியைத் திருப்பி, அடியில விட்டு, மறுபடி மேல...

— நீங்க அப்படித்தான் முடிவீங்களா?

— இல்ல. நான் சும்மா ஒரு சுருக்குத்தான் போடுவேன். ரெண்டு சுத்து, நுனியைத் திருப்பி அடியில... தினமும் மேசையில... அது...

— ...

— சமேஷிமா-சான். யாருக்கு வாக்குக் கொடுத்தீங்க?

— ஹிடாகா-சான் போன நவம்பர்லயே பாத்துட்டாராம். காலண்டர் தாளைக் கிழிக்கும்போது தாயத்து கையில இடிச்சுச்சாம். பிரிச்சுப் பாத்துட்டு, திருப்பி உள்ள போட்டு, தன் கையால முடிஞ்சு அதே ஆணியில மாட்டினாராம். "பச்சைன்னு சொன்னது என் வாய்தான். ஆனா நான் போய்க் கேட்டா அவளைக் குத்தம் சொன்ன மாதிரி ஆகும். அவளா எடுத்துக்கிட்டு வந்தா, ரெண்டு பேரும் சேந்து அந்தப் பாரத்தைத் தூக்கிருவோம்"னாரு. ஜனவரியில நீங்க உள்ள ஒண்ணும் இல்லேன்னீங்க. பிப்ரவரியில, இப்ப நீங்க உக்காந்திருக்கிற அதே இடத்துல வந்து உக்காந்தாரு. செவ்வாய்க்கிழமை நாடா வேணாம், வெறும் இரைச்சல் போதும்னு எழுதியிருக்காரு. அதுவரைக்கும்தான் காத்திருக்க முடியும், அதுக்கு மேல தெம்பு இல்லேன்னு.

— அந்த நாடா...

— அவரு கொண்டாந்ததுதான். அட்டை எழுதச் சொன்னதும் அவருதான். பின்னாடி பாட்டு கேக்குதே, வெட்டிரலாமான்னு நான் கேட்டேன். வேணாம், அவ காதுல அது விழணும்னாரு.